சிவந்த கண்ணும் சொட்டு மருந்தும்

(ஜொகூர்த் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீடு, குடிதண்ணீர் என்று எத்தனையோ விஷயங்களை இந்த மேடையில் பேசியிருக்கிறோம். இன்று கண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். கண்ணுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். பொழுது விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போகிறவருக்குக் கண்தான் முதல். பட்டையில் கத்தி சிறிது ஆழம் தவறினாலும் மரத்தில் காயம். காயம் பட்டால் ஏச்சு. வரிசை வரிசையாகப் பெயரும் எடையும் எழுதும் கிராணிக்கும் கண்தான் முதல். கை கால் தளர்ந்தால் வேறு இலேசான வேலை கேட்கலாம். கண் போனால் எந்த வேலையைக் கேட்பது?

கண்ணில் புரை விழுவதை எல்லோரும் அறிவோம். அறுவை செய்து வில்லை வைத்தால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆனால் போனால் திரும்பாத பார்வை ஒன்று உண்டு. அதுதான் கண் அழுத்த நோயால் போகும் பார்வை. டாக்டர்கள் அதைக் கிளாக்கோமா என்பார்கள். அந்த நோய்க்குச் சொட்டு மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள், வாங்கி வருகிறோம், இரண்டு நாள் விடுகிறோம், கண் சிவக்கிறது, பயந்து நிறுத்திவிடுகிறோம். இந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மருந்து விட்டால் கண் ஏன் சிவக்கிறது? கண்ணிலுள்ள இரத்தக் குழாய்களை அது என்ன செய்கிறது? எந்தச் சிவப்புக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது? இவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம்.

நோய் எப்படி வருகிறது?

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது அழும்போது வெளியே வரும் கண்ணீர் அல்ல. உள்ளே ஊறும் நீர். கண்ணின் உட்பகுதிகளுக்கு உணவு கொடுத்துவிட்டு, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வழியாக அது வடிந்து, இரத்தக் குழாய்களில் போய்ச் சேருகிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் சரியாக இருக்கும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை வழக்கமான அளவு என்பார்கள்.

தாழ்ந்த நிரையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். மழை வழக்கம்போல்தான் பெய்திருக்கும். ஆனால் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, வேரை அழுக வைத்துவிடும். கண்ணிலும் அப்படியே. வடிகால் அடைந்தால் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் கண்ணின் பின்புறமிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பை நசுக்குகிறது. நரம்புக்கு வரும் இரத்தமும் குறைகிறது. நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. இன்றைய மருத்துவத்திலும் அதற்கு வழியில்லை.

இதில் மிகக் கொடியது என்னவென்றால், பெரும்பாலோருக்கு வலி கிடையாது. முதலில் ஓரப் பார்வைதான் போகும். நேராகப் பார்ப்பது தெளிவாக இருக்கும். ஆகவே கண் நன்றாயிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். பக்கத்து மரத்தின் கிளை முகத்தில் அடிக்கும்; வாய்க்காலில் கால் இடறும்; வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம்.

இது யாருக்கோ வரும் நோய் அல்ல. ஜொகூர்க் கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2007 முதல் 2009 வரை, 40 வயதும் அதற்கு மேலும் ஆன 3,400 இந்தியர்களைக் கூப்பிட்டுக் கண்ணைச் சோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இந்த நோய் இருந்தது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார் கிராமத்து மக்கள் 5,150 பேரைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர், தமக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். உழைக்கும் ஜனங்களின் நிலை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

மூன்று இடத்து இரத்தக் குழாய்கள்

சொட்டு மருந்தின் வேலை கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பது. ஆனால் மருந்து போகும் வழியில் இரத்தக் குழாய்களைத் தொடாமல் போவதில்லை. மூன்று இடத்துக் குழாய்களை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கண்ணின் வெள்ளைமேல் இருக்கும் மெல்லிய சவ்விலுள்ள குழாய்கள். மயிரிழைபோல் இருப்பதால் சாதாரணமாக அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை விரிந்தால் கண் சிவப்பாகத் தெரிகிறது. இரண்டாவது, கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்புக்கு உணவு கொடுக்கும் குழாய்கள். அவற்றை வெளியிலிருந்து காண முடியாது. டாக்டர் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். மூன்றாவது, உடம்பு முழுவதும் ஓடும் குழாய்கள். கண்ணில் விட்ட மருந்து அங்கே எப்படிப் போகும் என்று கேட்கலாம். கண்ணின் உள்மூலையில் ஒரு சிறு துவாரம் உண்டு. அழுதால் மூக்கு ஒழுகுவது அதன் வழியாகத்தான். மருந்தும் அதே வழியில் மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

கண் சிவப்பது முதலாவது இடத்தில். பார்வை போவது இரண்டாவது இடத்தில். மூச்சு முட்டுவதும் தலை சுற்றுவதும் மூன்றாவது இடத்தால். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர்கள் நல்ல மருந்தை வீசி எறிகிறார்கள்.

மருந்துகள் வந்த கதை

இந்த மருந்துகள் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக் கண் டாக்டர் லூத்விக் லாக்கூர் என்பவருக்கே இந்த நோய் இருந்தது. ஆப்பிரிக்காவின் காலபார் அவரையிலிருந்து எடுத்த மருந்து கண் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை அவர் 1876-ல் வெளியிட்டார். அதையடுத்து பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து எடுத்த பைலோகார்ப்பின் வந்தது. நெடுங்காலம் அதுதான் பெரிய மருந்து. அது கண்மணியைச் சுருக்கி வடிகாலை இழுத்துத் திறக்கும்; வெள்ளையிலுள்ள குழாய்களையும் விரித்துச் சிவக்க வைக்கும். கண்மணி சுருங்கினால் வெளிச்சம் உள்ளே போவது குறையும் அல்லவா? இருட்டில் மரம் வெட்டப் போகிறவருக்கு அது பெரிய தொல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை வேறு விட வேண்டும்.

அட்ரினலின் சொட்டு மருந்து இன்னொரு வகை. அது குழாய்களை இறுக்கிக் கண்ணை வெளுக்கச் செய்யும். மருந்தின் வேகம் தணிந்ததும் இறுக்கின குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து கண் செக்கச்செவேல் என்றாகும். இன்று அதை அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள்.

1978-ல் அமெரிக்காவில் டிமலால் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது வடிகாலைத் தொடுவதில்லை, ஊற்றையே குறைக்கிறது. கண்ணும் அதிகம் சிவப்பதில்லை. 1994-ல் டார்ஸோலமைட் வந்தது. அதுவும் ஊற்றைக் குறைக்கும் மருந்து. அது கரியமில வாயுவின் கணக்கை மாற்றுவதால் கண்ணின் உட்குழாய்கள் சற்று விரிகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. விட்டவுடன் எரியும், வாயில் கசக்கும்.

1996-ல் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று பிரிமோனிடின். அது முதலில் குழாய்களை இறுக்குவதால் கண் வெளுப்பாகத் தெரியும். ஆனால் சிலருக்கு வாரங்களோ மாதங்களோ சென்றபின் ஒவ்வாமை வந்து, இமை தடித்து, கண் அரித்துச் சிவக்கும். மற்றொன்று லட்டானோபிராஸ்ட். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த லாஸ்லோ பிட்டோ என்பவரின் உழைப்பில் பிறந்த மருந்து அது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்துகளில் அது ஒன்று. சாயங்காலம் ஒரே ஒரு சொட்டு. ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும்.

லட்டானோபிராஸ்ட் விட்டால் ஏன் சிவக்கிறது?

நம் உடம்பில் அடிபட்ட இடம் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம். உடம்பே உண்டாக்கும் பிராஸ்டகிளாண்டின் என்ற பொருளுக்கு அதில் பங்கு உண்டு. அது இரத்தக் குழாயின் சுவரிலுள்ள தசையைத் தளர்த்தும், குழாய் விரியும், இரத்தம் அதிகமாக வரும். லட்டானோபிராஸ்ட் அந்தப் பொருளைப் போலவே செய்த மருந்து. கண்ணுக்குள் அது வடிகாலுக்குப் பக்கத்திலுள்ள மற்றொரு வழியைத் தளர்த்தி நீரை வெளியேற்றுகிறது. வெள்ளையைத் தொடும்போது அங்குள்ள குழாய்களையும் தளர்த்துகிறது. உள்ளே வழி திறக்கும் அதே மருந்து வெளியே குழாயையும் விரிக்கிறது. அதுதான் சிவப்பு. கண் புண்ணாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் அல்ல. இரத்தம் கசிகிறது என்றும் அர்த்தம் அல்ல.

இந்தச் சிவப்பு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து, பிறகு தணிந்துவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பிமட்டோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் என்ற மருந்துகளால் வரும் சிவப்பு சற்று அதிகம். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நெட்டார்சுடில் என்ற மருந்தில் இன்னும் அதிகம். பரீட்சையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கண் சிவந்தது, சிலருக்கு வெள்ளையில் சிறு இரத்தப் புள்ளிகளும் தோன்றின. அந்த மருந்து வடிகாலின் கடைசியிலுள்ள இரத்தக் குழாய்களின் அழுத்தத்தையும் குறைத்து நீரை இழுத்துவிடுகிறது. குழாய் விரிவதும் நீர் வடிவதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன.

லட்டானோபிராஸ்டினால் இமை மயிர் நீளும். இமையின் தோல் கறுக்கும். பழுப்புக் கலந்த விழியின் நிறம் கூடும். இவையும் பார்வையைக் கெடுப்பவை அல்ல.

கடையில் வாங்கும் வெள்ளை

நம் வட்டாரத்துப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். முப்பது வருஷம் மரம் வெட்டியவர். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் கண் சிவந்தது. பேரப்பிள்ளைகள், “தாத்தா கள்ளுக் குடித்திருக்கிறார்” என்று சிரித்தார்களாம். பெரியவருக்கு வெட்கம். குப்பியை அலமாரிமேல் வைத்துவிட்டு, கடைத்தெருவில் கண்ணை வெள்ளையாக்கும் மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். கண் வெள்ளையாகத்தான் ஆயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வருஷம் கழித்து, வலது கண்ணில் தூசி விழுந்ததென்று அதைப் பொத்தியபோதுதான், இடது கண் இருட்டாகிவிட்டதை அவர் அறிந்தார்.

கடையில் விற்கும் அந்த மருந்து என்ன செய்கிறது? வெள்ளையிலுள்ள குழாய்களைப் பிடித்து இறுக்குகிறது. அவ்வளவுதான். அழுத்தத்துக்கு அது மருந்து அல்ல. நாள்தோறும் விட்டால், வேகம் தணியும்போது குழாய்கள் முன்னைவிட விரியும்; மறுபடி விடச் சொல்லும். சிலருடைய கண்ணில் வடிகால் இயற்கையிலேயே குறுகலாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்து கண்மணியைச் சற்று விரித்து, வடிகாலை ஒரேயடியாக அடைத்துவிடவும் கூடும்.

அதைவிடக் கொடியது ஸ்டீராய்ட் கலந்த சொட்டு மருந்து. டாக்டர் சில நோய்களுக்கு அதை எழுதுவார். நாள் கணக்கிட்டு நிறுத்திவிடுவார். நாமோ பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த குப்பியை வாங்கி விடுகிறோம். சிவப்பு மாயமாய் மறையும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால், மூன்று பேரில் ஒருவருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இந்த நோய் உள்ளவருக்கு ஏறுவது இன்னும் அதிகம். வெளியே வெள்ளை, உள்ளே நரம்பு சாகிறது. இந்த வெள்ளை நமக்கு வேண்டாம்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லுவதும் உண்டு. அவர்களுடைய அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் இவற்றில் எதுவும் கண்ணுக்குள் அடைத்த வடிகாலைத் திறக்காது; அசுத்தம் சேர்ந்தால் கண்ணில் புண் வரும்.

நரம்புக்குப் போகும் இரத்தம்

இனி இரண்டாவது இடம். பார்வை நரம்புக்கு இரத்தம் போக வேண்டுமானால், உடம்பின் இரத்த அழுத்தம் உள்ளே தள்ள வேண்டும். கண்ணின் அழுத்தமோ எதிர்த்துத் தள்ளுகிறது. முன்னது குறைந்தாலும் பின்னது ஏறினாலும் நரம்புக்குப் பட்டினி. கண் அழுத்தம் வழக்கமான அளவில் இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த டாக்டர் சோகன் சிங் ஹேரே, இந்தக் குழாய்களை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். நாம் தூங்கும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. மிகவும் இறங்கினால் பார்வை நரம்புக்கு இரத்தம் போதாமல் போகிறது என்று 1994-ல் அவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். டிமலால் போன்ற சொட்டு மருந்தும் இரவில் இரத்த அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும் என்பதைப் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். இரவில் கண்ணில் நீர் ஊறுவதே குறைவு. ஆகவே அந்த மருந்துக்கு இரவில் வேலையும் குறைவு. இதனால் சில டாக்டர்கள் அதைக் காலையில் மட்டும் விடச் சொல்லுகிறார்கள்.

2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். கண் அழுத்தம் அதிகமில்லாமல் இந்த நோய் உள்ள 178 பேரில், சிலருக்கு டிமலாலும் சிலருக்குப் பிரிமோனிடினும் கொடுத்தார்கள். இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. ஆனால் பார்வை மேலும் கெட்டவர்கள் டிமலால் விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேர்; பிரிமோனிடின் விட்டவர்களில் 9 பேர். பிரிமோனிடின் விட்டவர்களில் பலர் ஒவ்வாமையால் நடுவில் விலகியதால், அந்தக் கணக்கை எச்சரிக்கையுடன்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். குழாயை விரிப்பதால் மட்டும் பார்வையைக் காக்கலாம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. கண்ணின் அழுத்தத்தைக் குறைத்தால் பார்வையைக் காக்கலாம் என்பது நிரூபணமானது.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது ஒன்று. இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண் மருந்து விடுவதை மற்ற டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டில் எதையும் நாமாக நிறுத்தக் கூடாது.

உடம்புக்குப் போகும் மருந்து

மூன்றாவது இடம், உடம்பு. டிமலால் மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்தால் நாடித் துடிப்பைக் குறைக்கும். மூச்சுக் குழாயை இறுக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு இது ஆபத்து. சொட்டுத்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வயிற்றுக்குப் போகும் மாத்திரை கல்லீரலில் வடிகட்டிப் போகிறது. மூக்கு வழியாகப் போகும் மருந்து அந்தக் காவலைத் தாண்டி நேரே இரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே இழுப்பு நோய் இருந்தாலும், நாடி மெதுவாக அடித்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும். பிரிமோனிடினைக் கைக்குழந்தைகள் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, மூச்சு அடங்கிவிடும்.

மருந்து மூக்குக்கு இறங்காமல் தடுக்கக் காசு செலவில்லாத வழி உண்டு. கையைக் கழுவுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணில் ஒரு சொட்டுகூட முழுதாக நிற்காது; இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து கண்ணிலேயே நிற்கும். உடம்புக்குப் போவது குறையும். லட்டானோபிராஸ்ட் விட்டால் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். இமை கறுப்பது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி விடுங்கள். திறக்காத லட்டானோபிராஸ்ட் குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். திறந்த குப்பியை மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு வெயிலில் விடாதீர்கள். டாக்டர் சொன்ன கெடு தாண்டினால் வீசிவிடுங்கள்.

மருந்து பார்வையைக் காக்குமா?

“விட்டும் பார்வை கூடவில்லையே” என்று பலர் சொல்லுகிறார்கள். கூடாதுதான். இருக்கிறதைக் காப்பதற்கே இந்த மருந்து. பிரிட்டனில் 516 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லட்டானோபிராஸ்டும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் சொட்டும் கொடுத்து 2015-ல் கணக்கை வெளியிட்டார்கள். இரண்டு வருஷத்தில் பார்வை கெட்டவர்கள், வெறும் சொட்டு விட்டவர்களில் நூற்றுக்கு 25.6 பேர், மருந்து விட்டவர்களில் 15.2 பேர். இரண்டே வருஷத்துக்குள் இந்த வித்தியாசம் என்றால், இருபது வருஷத்துக்கு எவ்வளவு என்று கிராணிமார்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

மருந்து விட்டால் மட்டும் போதாது. அழுத்தம் இறங்கியதா என்று குறித்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும். இறங்காதவருக்கு வேறு மருந்தும், லேசர் ஒளிச் சிகிச்சையும், அறுவையும் இருக்கின்றன. சிவப்பைத் தாங்க முடியாவிட்டாலும் அதைச் சொன்னால் வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார்கள். மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் பொருளே சிலர் கண்ணை உறுத்தும். அது சேராத மருந்தும் இருக்கிறது. கேட்டால்தானே கிடைக்கும்?

பயப்பட வேண்டிய சிவப்பு

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. வலியில்லாமல், பார்வை தெளிவாக இருந்து, மருந்து தொடங்கியபின் வந்த சிவப்பு என்றால், மருந்தை விடாமல் அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லலாம். இமை தடித்து அரிப்பெடுத்தால் அடுத்த தடவைக்குக் காத்திராமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

திடீரென்று கண் சிவந்து, தாங்க முடியாத வலியும் தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, பார்வை மங்கினால், வடிகால் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது என்று அறிந்துகொள்ளுங்கள். காலை வரை பொறுக்கக் கூடாது. அன்று இரவே ஆஸ்பத்திரி. வயிற்றுக் கோளாறு என்று வாந்திக்கு மருந்து வாங்கிக்கொண்டு படுத்துவிட்டால் கண் போய்விடும்.

பாலை உறைய வைக்கும் ஆசிட் கண்ணில் தெறித்துச் சிவந்தால், அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை விட்டுக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே சொட்டு மருந்து தேடிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவதாகும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே! இந்த நோயை நம்மில் பலர் மறைக்கிறார்கள். கண் தெரியவில்லை என்று சொன்னால் நிரையை எடுத்துவிடுவார்களோ என்று பயம். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமோ என்று பயம். இந்தப் பயத்தைத் தனியாளாகப் போக்கிக்கொள்ள முடியாது. அதற்குத்தான் சங்கம்.

1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, டாக்டர் சான்று பெற்ற நோய்க்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவருக்கு 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். கண் டாக்டரிடம் போகிறவர் வெட்கப்படாமல் சான்று கேட்டு வாங்கி வர வேண்டும். கிராணிமார்கள் அதைப் பார்த்துச் செக்ரோலில் சரியாகக் குறிக்க வேண்டும். சான்று கொண்டுவந்தவருக்கு ‘வராதவர்’ என்று போடும் பேனா நம் பேனாவாக இருக்கக் கூடாது.

ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா ஆஸ்பத்திரி இருக்கிறது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு இருக்கிறது. அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். கஷ்டம் கட்டணத்தில் இல்லை. தோட்டத்திலிருந்து போய் வருவதில்தான் இருக்கிறது. ஆகவே மாதத்தில் ஒரு நாள் கண் நோயாளிகளைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்போம். நாற்பது வயதானவர்களுக்கும், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்களுக்கும், இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதிக்க ஒரு முகாம் நடத்துவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், வேலையை விட்டுப் பட்டணத்தின் ஓரத்தில் குடியேறிய நம் பெரியவர்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஏழைகளுக்குக் கண் வில்லையும் மருந்தும் எட்ட வேண்டும் என்று 1992-ல் அவர்கள் சொந்தமாகவே ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். பதினொரு படுக்கையிலிருந்து அவர்களால் அவ்வளவு தூரம் போக முடிந்தால், நம்மால் மாதத்துக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்ய முடியாதா?

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரிமேல் பாருங்கள். அப்பாவோ, அம்மாவோ, பாட்டியோ பயந்து மூடி வைத்த குப்பி ஒன்று அங்கே இருக்கலாம். அது பழையதாக இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதியது வாங்குங்கள். சிவப்பு எதனால் வருகிறது என்று அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். விரிந்த குழாய் தானாகச் சுருங்கும். செத்த நரம்பு திரும்பாது. இந்த இரண்டு வார்த்தைகள் நினைவிலிருந்தால் போதும்.